ஜமாலின் பலகை சுவரேறிய நாள்

மண்ணுக்குள் போன பிறகும் என்னைச் சும்மா இருக்க விடாத என் ஜமாலுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு வெட்டினேன். கைப்பழக்கம். நான் எப்படி இருக்கிறேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். களைத்துப் போயிருக்கிறேன். காலையில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தைத் திறந்து, பிள்ளைகள் உடைத்த கண்ணாடிக் குழாய்களைக் கூட்டி அள்ளி, மறுநாளுக்கு வேண்டியதை அடுக்கிவிட்டு, கிழக்கு லண்டனில் பார்க்கிங் பகுதி வீட்டுக்கு வந்து கதிரையில் விழுகிறேன். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டுகிறது. டாக்டரிடம் போனேன். இரத்தம் நல்லாக இருக்கிறதாம். அப்படியென்றால் களைப்பது எது?

உன் பலகையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அது சுவருக்குப் போய்விட்டது, நீ எழுதிய தலைப்போடு. அது எப்படி நடந்தது என்பதையும், அதனால் நான் எடுத்த ஒரு முடிவையும் உன்னிடம் சொல்ல வேண்டும். இங்கே வருகிற ஒரு சின்னப் பத்திரிகை உன்னைப் பற்றிக் கட்டுரை கேட்டது. கட்டுரை எனக்கு வராது, கடிதம்தான் வரும் என்றேன். சரி என்றார்கள். ஆகவே மற்றவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த பழங்கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம், நீ கணிதம், நான் பௌதிகம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இருவரும் அடுத்தடுத்து லண்டன் வந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு கடைக்கு மேலே ஒரே அறையில் கிடந்தோம். வந்த அன்று நீ சூரியன் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஜன்னலால் பார்த்தாய். பாயை விரித்தாய். மேற்கைப் பார்த்து நின்றாய். பிறந்த நாள் முதல் உனக்குத் தொழுகை என்றால் மேற்குத்தான். உன் வாப்பாவும் அப்படி, பள்ளிவாசலும் அப்படி. நான் கட்டிலில் இருந்தபடி நீ முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

"மச்சான், மக்கா இஞ்சயிருந்து மேற்கில இல்லை. நீ இவ்வளவு நேரமும் அமெரிக்காவைப் பார்த்துத் தொழுதிருக்கிறாய்."

நீ பாயிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். கடலைத் தாண்டி வந்த கணித வாத்தியார் பழைய திசையையும் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். சிரித்து முடிந்ததும் உன் முகம் மாறியது. "அப்ப சரியான திசை எது?" என்று கேட்டாய். தென்கிழக்குப் பக்கமாக இருக்கும் என்றேன். "இருக்கும் எண்டால் காணாது" என்றாய்.

பழைய சாமான் கடையில் ஒரு பூகோள உருண்டை வாங்கி வந்தாய். லண்டனிலிருந்து மக்காவுக்கு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தாய். நூல் காட்டியதைக் கணக்காலும் காட்டவேண்டும் என்று நூலகத்துக்குப் போனாய். அங்கேதான் உனக்குக் கிறுக்குப் பிடித்தது. உருண்டைப் பூமியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தின் திசையைக் கண்டுபிடிக்கிற கணக்கு லேசானதில்லை. அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பக்தாத்திலும் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் இருந்தவர்கள் செய்து, அட்டவணையும் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கண்டாய். வீட்டுக்கு ஓடி வந்து சப்பாத்தையும் கழற்றாமல் எனக்குச் சொன்னாய்.

அன்றிலிருந்து உன்னோடு சீவிப்பது பெரும் பாடாகிவிட்டது. நான் கண்ணாடி வாங்கினால், ஒளி பொருளிலிருந்துதான் கண்ணுக்கு வருகிறது என்று இருட்டறையில் ஓட்டை போட்டுச் சோதித்துப் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்வாய். மலையேறி அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, அதை வைத்துப் பூமியின் பருமனைக் கணித்தவரைப் பற்றிச் சொல்வாய். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி வருகிறது என்று எழுதிய வைத்தியரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு சோற்றை ஆறவிடுவாய். பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒன்றையாவது பிழையாக எழுதிவிட்டால் நீ எழுந்து வந்துவிடுவாய்.

பள்ளிக்கூடத்தில் உனக்குத் தந்த கணிதப் புத்தகத்தில் சரித்திரம் கிரேக்கத்தில் தொடங்கி ஒரே பாய்ச்சலில் இத்தாலிக்குப் போனது. "இடையில ஆயிரம் வருஷம் உலகம் முழுக்க நித்திரையோ மச்சான்?" என்று பொறுமினாய். எங்கள் ஆட்கள் பூச்சியத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் பெருமை பேசினால், "கண்டுபிடிச்சுப்போட்டு வீட்டுக்குள்ள வச்சிருந்தியள். சுமந்துகொண்டு போய் ஐரோப்பாவில இறக்கினது நாங்கள்" என்பாய். எத்தனை பேருந்துகளில் இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறோம்!

பிறகு ஈஸ்ட் ஹாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்போம் என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு அந்தப் பலகையைச் செய்தாய். கதவு அகலத்துக்கு ஒரு ஒட்டுப்பலகை. நீலப் பின்னணி. கண், மலை, இதயம், நட்சத்திரங்கள், நடுவில் உருண்டையும் நூலும். அந்த அறிஞர்களோடு சேர்ந்து உழைத்த கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் கீழே ஒரு மூலை விட்டிருந்தாய். உச்சியில் வெள்ளை எழுத்தில் தலைப்பு: "விஞ்ஞானத்துக்கு முஸ்லிம் அறிஞர்கள் தந்தவை".

எழுதி முடித்தது தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில். அந்த ஐப்பசியில்தான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் இயக்கம் வெளியேறச் சொன்னது. இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். உன் உம்மாவும், நீ லாத்தா என்று கூப்பிடும் உன் அக்காவும் கையில் ஒரு பையோடு நடந்து, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்ற செய்தி உனக்கு வர எத்தனை நாள் ஆனது? அந்த நாட்களில் நீ சாப்பிட்டதை நான் காணவில்லை.

அதே நேரம்தான் பள்ளிக்கூடக் கமிட்டி கூடியது. தலைவர் சின்னராசா அண்ணை, பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், கெட்ட மனிதர் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. இந்த முறை அந்தத் தலைப்பு வேண்டாம். ஆக்கள் கதைப்பினம். 'அரபு அறிஞர்கள்' எண்டு மாத்திவிடுங்கோ, பிரச்சினை இல்லை."

"அது பிழை அண்ணை" என்றாய் நீ. "இதில கனபேர் அரபுக்காரர் இல்லை. பாரசீகர் இருக்கினம், சமர்க்கந்துப் பக்கத்து ஆக்கள் இருக்கினம், ஸ்பெயினில பிறந்தவை இருக்கினம்."

"உதையெல்லாம் ஆர் மாஸ்டர் பார்க்கப் போயினம்?"

"பிள்ளையள் பார்க்குங்கள்."

அண்ணைக்கு அரபு என்றால் தூரத்து ஆட்கள். முஸ்லிம் என்றால் எங்கள் ஊரிலிருந்து இப்போதுதான் துரத்தப்பட்ட ஆட்கள். அந்தச் சொல்லைச் சுவரில் மாட்டினால் அதற்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடிக்க முடியாது. நான் கத்தினேன். மேசையில் அடித்தேன். கை உயர்த்தச் சொன்னார்கள். உனக்காக உயர்ந்தது என் கையும் வதனி ரீச்சரின் கையும்தான். சித்திர வகுப்பு எடுக்கிற பெண், அப்போது வந்து சேர்ந்த புதிது.

பலகையை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பேருந்தில் ஏற்றமாட்டேன் என்றார்கள். நடந்தே வந்தோம், மழையில். இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்று நான் குதித்தேன். "பிள்ளையள் என்ன பிழை செய்ததுகள்?" என்று கேட்டாய். அடுத்த சனிக்கிழமை நீ வகுப்புக்குப் போனாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாய். உன் வீட்டைப் பறித்ததைச் சரி என்று பேசினவர்களின் பிள்ளைகளுக்கு நீ பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. அது உனக்குத் தெரியும்.

பலகை என் தோட்டத்துக் கொட்டகைக்கு வந்தது. புல் வெட்டும் மெஷினுக்குப் பின்னால், பழைய திரைச்சீலையால் மூடி.

தொண்ணூற்றைந்தில் எங்கள் முறை வந்தது. அதே ஐப்பசி. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் முழுக்க ஒரு இரவுக்குள் எழும்பி, ஊருக்கு வெளியே போகிற பாலத்தை நோக்கி நடந்தது. என் அக்காவும் நடந்தா. செய்தி கேட்டு நான் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். முதலில் அடித்தது நீ. இப்போதாவது ஒரு சொல் குத்திச் சொல்வாய் என்று நினைத்தேன். சொன்னால் கேட்கத் தயாராகவும் இருந்தேன். நீ கேட்டது, "அக்கா பாலம் தாண்டிட்டாவோ?" பிறகு, "உம்மாவும் கேட்டவ." ஓலைக் கொட்டிலில் ஐந்து வருடம் இருந்த மனுசி என் அக்காவைப் பற்றி விசாரித்திருக்கிறா. நான் அழுதேன் ஜமால். நீ அந்தப் பக்கத்தில் தொலைபேசியை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாய்.

இந்த மாசியில் நீ போனாய். சனிக்கிழமை வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால். நெஞ்சுதான் என்றார்கள். உன்னை அடக்கிய இடத்தில் காற்று அப்படிக் குளிர்ந்தது. உன் பள்ளிவாசல் ஆட்களோடு நானும் மூன்று பிடி மண் போட்டேன். யாரும் தடுக்கவில்லை.

உம்மாவிடம் யார் சொல்வது? நான்தான். புத்தளத்தில் தொலைபேசிக் கடைக்கு லாத்தாவை வரச்சொல்லி, குறித்த நேரத்துக்கு அடித்தேன். அழுது முடித்த பிறகு லாத்தா ஒன்று கேட்டா.

"தம்பி, அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப ஏலுமோ?"

"எந்தப் பலகை லாத்தா?"

"உங்கட பள்ளிக்கூடத்துச் சுவரில மாட்டியிருக்கிற பலகைதான். அவன் தொண்ணூறிலேயே சொன்னவன். எங்கட ஆக்களின்ர பேரெல்லாம் எழுதி, யாழ்ப்பாணத்து ஆக்கள் மரியாதையா மாட்டி வச்சிருக்கினம் எண்டு. உம்மா முகாமில எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறவ. ஊரில துரத்தினாலும் லண்டனில எங்களை மறக்கேல்லை எண்டு."

தொலைபேசி அட்டையில் காசு ஓடிக்கொண்டிருந்தது. ஏன் ஜமால் அப்படிச் சொன்னாய்? ஒரு தசமதானம் தவறினால் நித்திரை வராதவன், உன் உம்மாவிடம் ஏழு வருடமாக எப்படிச் சொன்னாய்? எனக்குக்கூட ஏன் சொல்லவில்லை?

எடுத்து அனுப்புகிறேன் லாத்தா என்றேன். வேறு என்ன சொல்ல?

பலகை சுவருக்குப் போயே ஆகவேண்டும், அந்தச் சொல்லோடு. உம்மாவின் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்றும் லாத்தா சொன்னா.

திரும்பவும் கமிட்டிக்குப் போனேன். கூட்டங்களை மட்டும்தான் ஒதுக்கியிருந்தேன் என்று நினைக்காதே, உன் சாவுக்குப் பிறகு எல்லாவற்றிலிருந்தும்தான் ஒதுங்கியிருந்தேன். உனக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம், படத்துக்கு மாலை போடுகிறார்களாம், நான் பேசவேண்டுமாம். பள்ளிக்கூடத்தை நடத்துகிற சங்கத்துக்கு இப்போது ஒரு கடைக்கு மேலே சொந்த அறை இருக்கிறது. படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் உன் ஆட்களிடம் இல்லை, பலகையை மாட்டுங்கள், தலைப்போடு மாட்டினால் பேசுவேன் என்றேன். சின்னராசா அண்ணையின் தாய் இடம்பெயர்ந்து இப்போது வவுனியா முகாமில். அவர் மெலிந்துபோனார். "மாட்டுவம் மாஸ்டர்" என்றார். என்னோடு மல்லுக்கட்ட அவருக்கும் தென்பில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் நானும் வதனியும் பலகையைக் கழுவித் துடைத்துச் சுவரில் ஏற்றினோம். காலையில் கமராவோடு போகிறேன், "முஸ்லிம்" என்ற சொல்லுக்கு மேலே வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டினது என்று யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? நான் பிடித்து இழுத்தேன். பொறுமையாக நனைத்து எடுத்திருக்க வேண்டும். நல்ல பசை. தாளோடு உன் வெள்ளை எழுத்தும் உரிந்து வந்துவிட்டது. சொல் இருந்த இடத்தில் மரம் தெரிந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வடை வாசனை வந்தது. என்னால் எழும்ப முடியவில்லை. இந்த ஊரும் வேண்டாம், சங்கமும் வேண்டாம், எல்லாம் போதும் என்று இருந்தது. கோபம்கூட வரவில்லை.

வதனி சித்திர வகுப்புப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பெயின்றும் தூரிகையும் எடுத்து வந்து, மேசைமேல் ஏறி, எழுதத் தொடங்கினாள். சேலையில் பெயின்ற் வடிந்தது. பெயின்ற் தகரத்தை வைக்க இடமில்லாமல் திண்டாடினாள். சின்னராசா அண்ணை வந்து நின்று பார்த்தார். பிறகு தகரத்தை வாங்கித் தலைக்கு மேலே பிடித்தார். வந்த சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு எழுத்துக்கு ஒருதரம் தூரிகையைத் தோய்க்க, அந்த மனிதர் கடைசி எழுத்துவரை பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஈரம் காய முன்னமே போட்டோ எடுத்தேன். நான் பேசியது ஒருவருக்கும் விளங்கியிராது. கூட்டம் முடிந்து கதிரை மடிக்கும்போது அண்ணை பக்கத்தில் வந்தார்.

"போட்டோ ஆருக்கு மாஸ்டர்?"

சொன்னேன். நீ உம்மாவுக்குச் சொன்னதையும் சொன்னேன். அவர் மடித்த கதிரையைப் பிடித்தபடி நின்றார்.

"தொண்ணூறில நாங்கள் செய்ததை அந்தத் தாய்க்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். "என்ர அம்மாவும் இப்ப முகாமிலதான்."

"சொல்லமாட்டன். ஆனால் அது உங்களுக்காக இல்லை அண்ணை."

"தெரியும்" என்றார்.

போட்டோ கழுவி வந்திருக்கிறது. முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நல்லாக வந்திருக்கிறது. ஒன்றுதான், அந்த ஒரு சொல் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று புதிதாகத் தெரிகிறது. எழுத்தும் உன்னுடையது இல்லை, வதனியின் எழுத்துக்கு வால் நீளம். லாத்தா கேட்பா, ஏன் தம்பி இது மட்டும் புதுசு என்று. வெயிலில் வெளிறிப்போச்சு, பெயின்ற் அடித்தோம் என்று சொல்லப்போகிறேன்.

இதில் ஒன்று எனக்குத் தொண்டைக்குள் நிற்கிறது. உன் பொய்யை நான் காப்பாற்றினால், அன்று உனக்கு எதிராகக் கை உயர்த்தின அத்தனை பேரும் உம்மாவின் கண்ணில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். கொட்டிலில் இருந்துகொண்டு அந்த மனுசி இவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்கும். அதை நீ அறிந்துதான் சொன்னாயா? எத்தனை தரம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் லண்டனில் இருப்பவர்களுக்கு நடந்ததை நடந்தபடி இங்கே எழுதியிருக்கிறேன். தெரிந்திருக்கட்டும். இதை வாசிக்கிறவர்களில் யாராவது புத்தளம் பக்கம் போனால், தயவுசெய்து அங்கே வாயைத் திறக்கவேண்டாம்.

உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன் ஜமால். போட்டோவைத் தபாலில் போடமாட்டேன், விடுமுறைக்கு நானே கொண்டுபோய் உம்மாவின் கையில் கொடுப்பேன். பார்வை எட்டாவிட்டால் ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டுவேன். உம்மா உயிரோடு இருக்கும்வரைக்கும் உன் பலகை தொண்ணூறாம் ஆண்டிலிருந்தே அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

உன் மச்சான்,
பரமு
பார்க்கிங், லண்டன்